தோடர் எம்பிராய்டரி: செய்தவர் கைக்குக் காசு எப்போது வருகிறது?

நீலகிரியில் தோடர் பெண்கள் செய்யும் எம்பிராய்டரியை விற்றுக்கொடுக்கும் ஒரு சிறிய அறக்கட்டளையில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். கணக்கு எழுதுவது, விலை வைப்பது, கடைக்காரர்களோடு பேசுவது, கண்காட்சிக்கு மூட்டை கட்டுவது எல்லாம் என் பொறுப்பு. இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். ஆனாலும் பழங்குடிக் கலைஞர்களோடு வேலை செய்ய ஆசைப்படும் இளைஞர்கள் அவ்வப்போது போன் செய்கிறார்கள். பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "மார்க்கெட்டை எப்படிப் பிடிக்கிறது?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். வேலையைச் செய்தவருக்கு எந்தத் தேதியில் காசு கிடைக்கிறது?

இந்தக் கலையைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தோடர்கள் மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவில்தான். ஊட்டியைச் சுற்றி மந்து என்று சொல்லப்படும் சிறு குடியிருப்புகளில் சிதறி வாழ்கிறார்கள். எருமைதான் அவர்கள் வாழ்வின் மையம். எருமை மேய்ந்த புல்வெளிகளில் தேயிலையும் சீகை மரமும் கற்பூர மரமும் வந்தபிறகு மந்தைகள் சுருங்கிவிட்டன. அதனால் பெண்களின் கைவேலையில் வரும் வருமானம் பல வீடுகளில் இன்று முக்கியமானது. அவர்கள் போர்த்தும் பூத்துக்குளி வெள்ளைப் பருத்தித் துணி. அதில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை இருக்கும். சட்டம் மாட்டுவதில்லை, துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. இழையை விரலால் எண்ணி, துணியின் பின்பக்கத்திலிருந்து ஊசியை ஓட்டுவார்கள். முடிந்ததும் நெசவிலேயே வந்த கோலம் என்றுதான் முதலில் தோன்றும். எருமைக் கொம்பு, மலை, மயிலிறகு என்று கோலங்கள் பல உண்டு. எண்ணிக்கையில் ஓர் இழை தவறினாலும் அடுத்த வரிசையில் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டு வேலை, தோட்ட வேலை, எருமை வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் செய்வதால் ஒரு முழுச் சால்வை முடிய மாதக்கணக்கில் ஆகும்.

நான் சேர்ந்தபோது பெரும்பாலான கடைகள் "விற்றபின் பணம்" என்ற முறையில்தான் பொருளை எடுத்தன. சால்வை, பை, மேஜை விரிப்பு எல்லாம் சீட்டோடு போகும். விற்றதற்கு மாதக் கடைசியில் பணம் வரும் என்பது பேச்சு. நடைமுறையில் மூன்று நான்கு மாதம் இழுக்கும். ஒரு நகரக் கடையிலிருந்து, நீண்ட காலம் கழித்து, சால்வைகள் விற்காமல் திரும்பி வந்தன. வெயில் படும் கண்ணாடிக்குள் தொங்கவிட்டிருந்ததால் மடிப்புக்கு வெளியே தெரிந்த சிவப்பு மட்டும் வெளிறிப்போயிருந்தது. செய்த அக்காக்களுக்கு அதுவரை ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. அவர்களில் ஒருவர் சொன்னார்: "சாமான் வித்தாத்தான் காசுன்னா, கடைக்காரருக்கு நாங்கதானே கடன் கொடுத்துட்டு இருக்கோம்?"

எங்கள் கணக்குப் புத்தகத்தில் இருந்த கோளாறு முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்தது. யாரிடம் பணம் குறைவோ அவர்தான் எல்லோருக்கும் முதலீடு போட்டுக்கொண்டிருந்தார். விலையைக் கூட்டினாலும் அது மாறாது. வட்டிக்கு வாங்கிப் பள்ளிக் கட்டணம் கட்டும் வீட்டில், எட்டு மாதம் கழித்து வரும் நல்ல விலையைவிட இன்றைக்கே காசு தரும் வியாபாரியின் குறைந்த விலைதான் ஜெயிக்கும். ஊட்டி வியாபாரிகளிடம் பெண்கள் மலிவாக விற்றுவிடுகிறார்கள் என்று வருத்தப்படும் அமைப்புகள், முதலில் தங்கள் பணம் எத்தனை நாளில் அவர்கள் கைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆகவே பொருள் அலுவலகத்துக்கு வந்த அன்றைக்கே முழுப் பணம் என்று மாற்றினோம். காத்திருப்பது அறக்கட்டளையின் வேலை. இதற்கு எவ்வளவு முதல் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுங்கள். உதாரணத்துக்கு, மாதம் 40,000 ரூபாய் கூலிக்கான வேலை உள்ளே வருகிறது, விற்றுப் பணம் திரும்ப ஐந்து மாதம் ஆகிறது என்றால், 2,00,000 ரூபாய் எப்போதும் வெளியிலேயே கிடக்கும். துணி, நூல் செலவு தனி. மழைக்காலத்தில் சுற்றுலாக் கூட்டம் குறைந்தால் ஐந்து மாதம் ஏழாகும். அந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்துப் பணம் இல்லாமல் "அன்றைக்கே பணம்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு முறை பொய்த்தால் பழையபடி வியாபாரியிடம்தான் போவார்கள். அதில் தப்பே இல்லை.

இந்தச் சுழல் நிதியைத் திரட்டுவதுதான் ஆகக் கடினமான வேலை. நன்கொடை தருபவர்களுக்குப் பயிற்சி என்றால் பிடிக்கும். பயிற்சி வகுப்பு நடத்தலாம், போட்டோ எடுக்கலாம், எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று எழுதலாம். பாட்டியிடமும் அம்மாவிடமும் கற்றுக்கொண்டு ஊசி பிடித்த பெண்களுக்கு எம்பிராய்டரியில் நாம் என்ன பயிற்சி கொடுக்கப்போகிறோம்? அதே பணத்தைச் சுழல் நிதியாகக் கொடுங்கள் என்று கேட்டால், "வியாபாரத்துக்கு எப்படிக் கொடுப்பது" என்பார்கள். எங்களுக்கு உதவியது கணக்குப் புத்தகம்தான். ஒரு சால்வை எந்தத் தேதியில் வந்தது, கூலி எந்தத் தேதியில் போனது, கடையிலிருந்து எந்தத் தேதியில் பணம் வந்தது என்று மூன்றையும் வரிசையாக எழுதிக் காட்டினோம். நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்ததும் ஒரு நன்கொடையாளருக்கு விஷயம் புரிந்துவிட்டது. விண்ணப்பத்தில் பத்துப் பக்கம் எழுதுவதைவிட அந்த ஒரு பக்கம் போதும்.

சிறு உற்பத்தியாளர்களுக்கு நியாயமான வியாபாரம் கிடைக்கப் பாடுபடும் உலக நியாய வணிக அமைப்பின் விதிகளிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. கைவினைப் பொருளுக்கு ஆர்டர் கொடுப்பவர், செய்பவர் கேட்டால், குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லாமல் முன்பணமாகத் தர வேண்டும் என்கிறார்கள். கடைக்காரர்களிடம் பேசும்போது இதை நான் கையில் வைத்திருப்பேன். புதிய கடைகள் பல ஒப்புக்கொண்டன. பழைய கடைகளில் சில விலகிப்போயின. போகட்டும் என்று விட்டோம்.

விலை வைப்பதற்கு வருகிறேன். "இதை முடிக்க எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டால் சரியான பதில் வராது, ஏனென்றால் யாரும் நாள் முழுக்க உட்கார்ந்து தைப்பதில்லை. நாங்கள் செய்தது இப்படி. ஒரு கோலத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வேலை முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று, வேகமாகச் செய்பவர், நிதானமாகச் செய்பவர், வயதானவர் எனச் சிலரை உட்கார வைத்துக் கடிகாரம் பார்த்தோம். நிதானமாகச் செய்பவரின் நேரத்தையே அளவாக எடுத்தோம். வேகமானவரை அளவாக வைத்தால் மற்ற எல்லோருக்கும் கூலி குறைந்துவிடும். பிறகு அக்கம்பக்கத்தில் தோட்ட வேலைக்குப் போனால் ஒரு நாளில் என்ன கிடைக்கும் என்று பார்த்து, அதற்குக் கீழே போகாதபடி கூலியை வைத்தோம். எந்தக் கோலத்துக்கு என்ன கூலி என்று தமிழில் எழுதி, அலுவலகச் சுவரிலேயே ஒட்டினோம். அது ஒட்டியபிறகு பேரம் என்ற பேச்சே எழவில்லை.

கூலியோடு துணி, கம்பளி நூல், பையாகத் தைக்கும் டெய்லர் கூலி, போக்குவரத்து, சேதம் எல்லாவற்றையும் சேர்த்த பிறகுதான் மொத்த விலை. பெருநகரக் கடைகள் அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி விற்பது வழக்கம். வாடகையும் சம்பளமும் அவர்களுக்கும் உண்டு என்பதால் நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நம் அலுவலகத்தில் நேரடியாக வாங்குபவருக்கும் அதே சில்லறை விலையைத்தான் சொல்ல வேண்டும். "நேரடியாக வாங்கினால் பாதி விலை" என்று நாமே ஆரம்பித்தால், வெளியூர்க் கடை எதுவும் நம் பொருளைத் தொடாது.

துணியும் நூலும் நாங்களே வாங்கிக் கொடுத்தோம். பெண்கள் கைக்காசு போட வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று சிவப்பு. வெள்ளைத் துணியில் சிவப்புச் சாயம் இறங்கிவிட்டால் பல மாத உழைப்பு வீண். புது நூல்கண்டு வந்ததும் ஒரு துண்டை வெந்நீரில் ஊறப்போட்டு, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்ப்போம். கொஞ்சம் ஒட்டினாலும் முழுக் கட்டும் திரும்பப் போகும். துணி வாங்கும்போது இழை ஒரே சீராக, எண்ணுவதற்கு வசதியாக இருக்கிறதா என்று ஓர் அக்காவையே பார்க்கச் சொல்வோம். எங்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த துணியை அவர்கள் விரலால் தடவிவிட்டு வேண்டாம் என்றதுண்டு. மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, முடிந்த துணிகளை இரும்பு அலமாரியில் வைக்காமல் மரப் பலகையில் அடுக்கி, வெயில் வரும் நாளெல்லாம் எடுத்து உதறி வைக்க வேண்டும்.

மூக்குக் கண்ணாடியைப் பற்றி யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். இழை எண்ணும் வேலைக்கு அதுதான் முதல் தடை. "இப்போ செய்யறதில்லை" என்று ஊசியை வைத்துவிட்டவர்களுக்கு மூக்குக் கண்ணாடி செய்து கொடுத்ததும் சிலர் திரும்ப வந்தார்கள். ஆகச் சிறந்த கைகள் அவர்களுடையவை. ஒரு கண்காட்சி அரங்கின் வாடகையில் எத்தனையோ பேருக்குக் கண்ணாடி வாங்கிவிடலாம்.

அடுத்தது கெடு. தோடர்களில் ஒருவர் இறந்தால் உடலைப் பூத்துக்குளியில் சுற்றுவார்கள். மற்ற மந்துகளிலிருந்தும் உறவுகள் வந்து சேரும். அந்த நாட்களில் யாரும் ஆர்டருக்கு உட்காரமாட்டார்கள், உட்காரச் சொல்லவும் கூடாது. டிசம்பர், ஜனவரி வாக்கில் மொற்பர்த் திருவிழா வரும். அதற்கு முன்னால் வீட்டாருக்கான வேலை இருக்கும். ஆகவே நூற்றுக்கணக்கில், குறிப்பிட்ட தேதிக்குள் வேண்டும் என்று வரும் தீபாவளிப் பரிசு ஆர்டர்களை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு நிறுவனம் சில நூறு சிறு பைகள் கேட்டது. தேதி தவறினால் தொகையைக் கழிப்போம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எடுத்தால்தான் செய்வோம், பாதி தீபாவளிக்கு, மீதி பொங்கலுக்கு என்றோம். தயங்கி ஒப்புக்கொண்டார்கள். நடுவில் ஒரு துக்கம் வந்து வேலை நின்றது. பொங்கலுக்குப் பொருள் போய்ச் சேர்ந்தது, பணமும் முழுதாக வந்தது. தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பதை ஆர்டர் எடுக்கும்போதே எழுதிவிட்டால் அப்புறம் சண்டை இல்லை.

வேலையைப் பங்கிடுவதிலும் கண் வைக்க வேண்டும். ஊட்டிக்குப் பக்கத்து மந்துகளில் இருப்பவர்கள் வந்து வாங்கிப்போவார்கள். தூரத்து மந்துக்குப் பஸ் அபூர்வம். நாமே வண்டி எடுத்துப் போகாவிட்டால் வேலை முழுவதும் சில வீடுகளுக்குள்ளேயே சுற்றும். கூலியை அந்தப் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும். கணவர் கணக்கு, மகன் கணக்கு என்று வசதி பார்த்துக் கொடுத்தால், யார் உழைத்தார் என்ற தடயமே இருக்காது. அதோடு ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு நோட்டு இருக்க வேண்டும். வாங்கிய துணி, கொடுத்த பொருள், வந்த கூலி எல்லாம் அதிலும் பதிய வேண்டும். கணக்கு நம் அலுவலகத்தில் மட்டும் இருந்தால், அவர்கள் கேள்வி கேட்கவே வழியில்லை.

இனி புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊருக்கோ பகுதிக்கோ உரிய பொருளின் பெயரைக் காக்கும் அரசுப் பதிவு. தோடர் நலவாழ்வுச் சங்கம், கீஸ்டோன் பவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம், தமிழக அரசின் கைவினைக் கழகமான பூம்புகார் ஆகியவை சேர்ந்து கேட்டு, 2013 மார்ச்சில் தோடா எம்பிராய்டரிக்கு அது கிடைத்தது. பெரிய விஷயம். ஆனால் அதைப் பெற்றுவிட்டால் போலி நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். அந்தச் சட்டம் பாதுகாப்பது பெயரை. சிவப்பு கறுப்புக் கோலத்தை மெஷினில் அடித்தோ துணியில் அச்சிட்டோ, தோடா என்ற பெயரைப் போடாமல் விற்றால் அதை வைத்துப் பிடிப்பது கடினம். பெயரைப் போட்டே விற்றாலும் வழக்குக்குச் செலவழிக்கச் சிறு சங்கத்தால் முடியாது. அதற்காகச் சும்மா இருக்கவும் கூடாது. வேலை செய்யும் ஒவ்வொரு பெண்ணையும், அந்தப் பெயரைப் பயன்படுத்த உரிமையுள்ள அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகச் சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் பதிவு செய்வது நம்மால் முடிகிற வேலை. படிவம், ஆதாரங்கள், திரும்பத் திரும்பக் கடிதம் என்று பொறுமை வேண்டும். குறியீட்டுக்கு ஆயுள் பத்து வருடம், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

இந்த விஷயத்தில் ஆஸ்திரேலியாவைப் பற்றிப் படித்தது எனக்கு உதவியது. அங்கே ஆதிக்குடி ஓவியர்களுக்கென அவர்களே நடத்தும் கலை மையங்கள் பாலைவன ஊர்களில் இருக்கின்றன. பாபுன்யா துலா நிறுவனம் 1972இலேயே தொடங்கிவிட்டது. ஒவ்வொரு ஓவியத்தோடும் வரைந்தவர் யார், எந்த ஊர், என்ன கதை என்ற சான்றிதழ் போகும். ஆதிக்குடி ஓவியர் கிளிஃபோர்ட் போஸம் ஜாபல்ஜாரி வரைந்த ஒரு பெரிய ஓவியம் 1977இல் 1,200 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றது. 2007இல் அதே ஓவியம் 24 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அப்போது மறுவிற்பனைச் சட்டம் இல்லை. 2010இலிருந்துதான் மறுவிற்பனையில் 5 சதவீதம் கலைஞருக்கோ வாரிசுக்கோ போகும் ஏற்பாடு வந்தது. அங்கேயும் போலி தொல்லைதான். நினைவுப்பொருள் சந்தையில் பாதிக்கு மேல் ஆதிக்குடிகள் செய்யாதவை என்று அரசின் ஆணையம் 2022இல் சொன்னது. இருந்தாலும், யார் எதைச் செய்தார் என்ற பதிவு இருப்பதால்தான் அங்கே உரிமை கேட்க முடிகிறது. நம் சால்வைகள் பெயரில்லாமலே கடைக்குப் போகின்றன. அதனால் ஒவ்வொரு பொருளிலும் செய்தவர் பெயர், மந்து, தேதி எழுதிய துணிச் சீட்டைத் தைக்க ஆரம்பித்தோம். பெயர் போட வேண்டுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் செய்தோம். சிலர் மந்தின் பெயர் மட்டும் போதும் என்றார்கள், அப்படியே போட்டோம்.

புது வடிவங்கள் கேட்டு டிசைனர்கள் வருவார்கள். சிவப்புக்குப் பதில் வெளிர் நிறம், லேப்டாப் உறை, குஷன் என்று யோசனைகள் வரும். பலவற்றை அக்காக்கள் ஆர்வமாகச் செய்துபார்த்தார்கள். தரைவிரிப்பு, செருப்பு என்று வந்தபோது அக்காக்களின் குழு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இறந்தவரைப் போர்த்தும் துணியின் பூவேலை மிதிபடக் கூடாது என்பது அவர்கள் முடிவு. நல்ல லாபம் வரும் ஆர்டர் அது. இந்த முடிவுகளில் அறக்கட்டளைக்கு ஓட்டே கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

அமைப்பை எப்படிப் பதிவு செய்வது என்றும் கேட்கிறார்கள். அறக்கட்டளை நன்கொடை வாங்கும், வியாபாரத்துக்குத் தனி நிறுவனம் இருப்பது நல்லது. 1993இல் தொடங்கிய, கோத்தகிரியில் இருக்கும் கீஸ்டோன், பிறகு லாஸ்ட் ஃபாரஸ்ட் என்ற விற்பனை நிறுவனத்தை 2010இல் தனியாக உருவாக்கியது. பழங்குடியினரே பங்குதாரர்களாக இருக்கும் ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டையான பெஹ்சான் அட்டையை எல்லோருக்கும் எடுத்துவிடுங்கள், அரசுக் கண்காட்சிகளில் அரங்கு கேட்க அது வேண்டும். டில்லி, சென்னை என்று போகும்போது பயணம், தங்கல் போக, வீட்டை விட்டு வரும் பெண்ணுக்கு அந்த நாட்களுக்கான கூலியையும் செலவில் சேருங்கள். விற்பனை நன்றாக இருந்தும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று பலர் சொல்வது இதைச் சேர்க்காததால்தான்.

வாங்குபவர்களுக்கும் கொஞ்சம். துணியைத் திருப்பிப் பாருங்கள். கைவேலையில் இரண்டு பக்கமும் போர்த்தலாம், நூல் சற்று மேடாக நிற்கும் பக்கத்தைத்தான் தோடர்கள் வெளிப்பக்கமாக வைப்பார்கள். மெஷின் வேலையில் பின்னால் வேறு நிற அடிநூலோ ஒட்டுத் துணியோ தெரியும். கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: செய்தவர் யார், அவருக்குப் பணம் கொடுத்தாயிற்றா? பதில் சொல்ல முடிந்த கடைகளில் வாங்குங்கள். கல்யாணத்துக்கோ அலுவலகப் பரிசுக்கோ மொத்தமாக வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்கு முன்பே பேசி, பாதிப் பணத்தை அப்போதே கொடுத்துவிடுங்கள். தேதியைக் கொஞ்சம் தளர்வாக வையுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு குளிர்ந்த நீரில் தனியாக அலசி நிழலில் உலர்த்தினால் சிவப்பு நீண்ட நாள் நிற்கும்.